6 வருட வெல்டிங் அனுபவம்: வகுப்புக்குப் போகாமல் என்.வி.கியூ. 4 எடுக்கலாமா?

சுன்னாகத்தான்:
வணக்கம். தம்பி ஒரு வேர்க்‌ஷொப்பில 6 வருடமா வெல்டிங் செய்யிறான். கேற், கிறில், கூரைச் சட்டம் எல்லாம் தனிய நிண்டு முடிப்பான். கையில ஒரு சான்றிதழும் இல்லை. வேலையை விட்டிட்டு முழுநேரப் படிப்புக்குப் போற நிலைமை இல்லை. ஆர்.பி.எல். (முன் அனுபவத்தை அங்கீகரிக்கிற) முறையில நேரா என்.வி.கியூ. எண்ட தேசிய தொழிற்தகைமையில 4ஆம் மட்டம் எடுக்கலாமோ? என்ன ஆயத்தம் செய்யவேணும்?

பட்டறைக்காரன்:
எடுக்கலாம். அனுபவத்தால் பெற்ற தேர்ச்சியை அங்கீகரிக்கத்தான் அந்த முறையே இருக்கிறது. நைற்றாவின் (தேசிய பயிலுநர், கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை) யாழ்ப்பாண அலுவலகத்திலோ தொழிற்பயிற்சி அதிகார சபையிலோ விண்ணப்பப் படிவம் கேளுங்கள். பெயரை அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் பிறகு வெளிநாட்டுக்கென்று அத்தாட்சிப்படுத்தப் போகும்போது அலைச்சல்.

வேர்ப்பாஸ்:
படிவம் நிரப்புவது சின்ன வேலை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

வெல்டருக்கான தேசியத் தேர்ச்சி நியமத்தை (எந்தெந்த வேலை தெரியவேண்டும் என்ற பட்டியல்) முதலில் எடுத்து, அலகு அலகாகத் தம்பியோடு இருந்து வாசியுங்கள். கேற் வேலையில் பழகிய கை பெரும்பாலும் 2 மில்லிமீற்றர் பெட்டிக் குழாயில் பழகிய கை. தடித்த பிளேட்டில் வி-வெட்டு, நிலைக்குத்து வெல்டிங், வரைபடத்தில் உள்ள வெல்டிங் குறியீடுகள், காஸ் கட்டிங் இவையெல்லாம் பல பட்டறைகளில் கைபடாமலே போகும். ஆறு வருடம் என்ற கணக்கு அந்த இடைவெளியை மூடாது. எந்த அலகில் குறை என்று இப்போதே கண்டுபிடித்து, அதை மட்டும் பழகினால் போதும்.

பழக ஒரு வழி: 10 மில்லிமீற்றர் மைல்ட் ஸ்ரீல் பிளேட் இரண்டு எடுத்து, ஒவ்வொரு விளிம்பையும் 30 பாகை சரித்து, அடியில் 1.5 முதல் 2 மில்லிமீற்றர் சரிக்காத முகம் விடுங்கள். இரண்டு பிளேட்டுக்கும் இடைவெளி 2.5 முதல் 3 மில்லிமீற்றர். அதற்குக் குறைந்தால் வேர், அதாவது வெல்டின் அடிப்பகுதி, உருகிச் சேராது. கூடினால் ஓட்டை விழும். ராக் (பிளேட்டைப் பிடித்து வைக்கும் சின்னப் புள்ளி வெல்ட்) போட்டபின் பிளேட்டை மறுபக்கம் 2, 3 பாகை சாய்த்து வையுங்கள், சூட்டில் இழுபட்டு நேராக வரும். 2.5 மில்லிமீற்றர் 6013 வகை வெல்டிங் றொட்டுக்கு 70 முதல் 85 அம்பியர். கீழிருந்து மேலே ஏறும்போது அதில் பத்து வீதம்வரை குறையுங்கள். நடுவை விரைவாகக் கடந்து, இரு ஓரத்திலும் ஒரு கணம் நில்லுங்கள். ஓரம் அரிபடுவது பெரும்பாலும் கரண்ட் கூடினதாலோ, ஆர்க் நீண்டதாலோ, ஓரத்தில் நிற்காததாலோதான். ஒவ்வொரு பாஸுக்குப் (ஒருமுறை ஓட்டும் வெல்ட் அடுக்கு) பிறகும் மேலே படியும் கழிவை முற்றாக உடைத்துக் கிறைண்டரால் சுத்தம் செய்யவேண்டும். அடுத்த பாஸின் சூடு பழைய கழிவை உருக்கி எடுத்துவிடும் என்று நம்பவே கூடாது.

முடிந்த பிளேட்டில் ஒன்றரை அங்குலத் துண்டு வெட்டி, வேர்ப்பக்கம் வெளியே வர வளைத்துப் பாருங்கள். 3 மில்லிமீற்றருக்கு மேல் வெடிப்பு வாய் திறந்தால் திரும்பப் பழகவேண்டும். மேற்பூச்சு அழகாக இருந்து உள்ளே வேர் சேராத வேலைகளை இந்தச் சோதனை பட்டறையிலேயே காட்டிக்கொடுக்கும்.

மாரிகாலம்:
அண்ணை சொன்னதோடு றொட்டைப் பற்றி ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் பெட்டி திறந்து கிடந்த றொட் ஈரம் குடித்துவிடும், வெல்டில் துளை துளையாக வரும். 7018 வகை றொட் என்றால் 300 முதல் 350 பாகை செல்சியஸில் ஒரு மணித்தியாலமாவது காயவைக்கவேண்டும். 6013ஐ அந்தச் சூட்டில் போடாதீர்கள். அதன் பூச்சுக்குக் கொஞ்சம் ஈரம் தேவை, அளவுக்கு மிஞ்சிக் காய்ந்தால் ஆர்க் ஒழுங்காக நிற்காது.

நீளமான மெல்லிய எக்ஸ்ரென்ஷன் வயரில் மெஷினைப் போட்டுப் பழகியவர்கள், நல்ல லைனில் அதே இலக்கத்தில் வைத்தால் கரண்ட் கூடிப்போகும். தம்பியின் தேர்ச்சியைச் செய்முறையாகப் பார்க்கும் மதிப்பீட்டு இடத்தில் முதலில் கழிவுத் துண்டொன்றில் ஓட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள்.

சுன்னாகத்தான்:
நல்ல விளக்கம், நன்றி. சான்றுகள் எண்டு என்ன கொடுக்கிறது? அவனுக்கு சேமலாப நிதியும் கட்டேல்லை.

வேர்ப்பாஸ்:
அப்படியென்றால் முதலாளியின் கடிதம்தான் அடிப்படை. வியாபாரப் பதிவு இலக்கம், வேலை செய்த காலம், என்னென்ன வேலை என்பது மூன்றும் அதில் இருக்கவேண்டும். ‘நல்ல பிள்ளை, கெட்டிக்காரன்’ என்று எழுதிய கடிதத்தால் பிரயோசனம் இல்லை. படமெடுத்தால் விளிம்பு சீவியது, ராக் போட்டது, வேர், முடிவு என்று படிப்படியாக, தம்பியும் தெரியும்படி எடுங்கள். முடிந்த கேற்றின் படம் மட்டும் இருந்தால் அதை யார் ஒட்டினது என்று தெரியாது. ஒரு கொப்பியில் திகதி, இரும்பின் தடிப்பு, றொட், வெல்ட் செய்த நிலை (கிடையா, நிலைக்குத்தா) நான்கையும் இன்றைக்கே எழுதத் தொடங்கட்டும்.

பட்டறைக்காரன்:
மதிப்பீட்டில் வாய்மொழிக் கேள்விகளும் வரும், தமிழில் பதில் சொல்லலாம். காஸ் பற்றிக் கட்டாயம் படிக்கட்டும்: அசற்றிலின் அழுத்தம் 15 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகக்கூடாது, ஒட்சிசன் வால்வில் எண்ணெய், கிறீஸ் படக்கூடாது, ரோச்சில் ஃபிளாஷ்பாக் தடுப்பான் (சுவாலை குழாய்க்குள் திரும்பிப் போகாமல் தடுப்பது) இருக்கவேண்டும். கண்ணாடி, கையுறை, சப்பாத்து இல்லாமல் போய் நிற்கவேண்டாம். பட்டறையில் செருப்போடு நின்று பழகினவர்கள் தடுக்கி விழுகிற இடம் இது.

4ஆம் மட்டம் கிடைத்தால் 5ஆம் மட்ட டிப்ளோமாவுக்கு வழி திறக்கும். கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிற இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் இயந்திரவியல் துறை இருக்கிறது, அங்கேயும் விசாரியுங்கள்.