ஊரில் இருந்தால் பணம் மிஞ்சுமா?

தாம்பரம்வாசி:
2022-23 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு ஆளுக்கு மாதச் செலவு நகரத்தில் 7,630 ரூபாய், கிராமத்தில் 5,310. இங்கே வாடகை, அட்வான்ஸ், மெயின்டெனன்ஸ், கோடையில் தண்ணி லாரி என்று சம்பளம் கரைகிறது. ஊரில் சொந்த வீடு, வயல் அரிசி. கையில் மிஞ்சத்தானே செய்யும்?

பேராவூரணிக்காரன்:
வயல் அரிசி வயல் இருக்கிறவனுக்கு சார். அதையும் அந்தக் கணக்கெடுப்பில் விலை போட்டுச் சேர்த்துத்தான் 5,310 வருகிறது. சேர்க்காதது எது தெரியுமா? கடன் வட்டி, உர மூட்டை, வீடு கட்டுகிற செலவு, அப்புறம் மொய். ஆடி, ஆவணியில் எங்கள் பக்கம் மொய் வாங்குவதற்கென்றே வைக்கிற மொய் விருந்துக்குப் பத்திரிகை வரிசையாக வரும், நகையை அடகு வைத்தாவது செய்ய வேண்டும்.

தாம்பரம்வாசி:
மொய் திரும்பி வருகிற பணம். வட்டியில்லாத சீட்டு மாதிரி. நான் கட்டுகிற வாடகை எந்தக் காலத்தில் திரும்பி வரும்?

கருவேலங்காடு:
இரண்டு பேருமே சாப்பாட்டை விட்டுவிட்டீர்கள். அதே கணக்கெடுப்பில் இந்திய அளவில் கிராமத்துச் செலவில் சுமார் 46 சதவீதம் உணவுக்கு, நகரத்தில் 39. அரிசி, கோதுமை வகை கிராமத்தில்கூட 5 சதவீதத்துக்குள்தான், ரேஷன் அரிசி இலவசம் என்பதால் எங்கள் வீட்டிலும் அது பெரிய செலவில்லை. பால், காய், டீ, பாக்கெட் தீனிதான் பணத்தை இழுக்கிறது, அதிலும் பெட்டிக்கடை சின்னப் பாக்கெட்டை எடை போட்டுப் பார்த்தால் சூப்பர் மார்க்கெட்டைவிட விலை கூடுதல். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, சரி, ராத்திரி ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால் கார் பிடித்துத்தானே ஓட வேண்டும்?

தாம்பரம்வாசி:
ஆஸ்பத்திரிக்கு இங்கேயும்தான் ஓடுகிறோம் அக்கா, பில்லும் இங்கேதான் பெரிசு. மாதம் பிறந்ததும் வாடகை போய்விடுகிறது, அதுதான் என் பேச்சு.

பேராவூரணிக்காரன்:
உங்களுக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறதே. எங்களுக்கு அறுப்பு முடிந்தால் வரும், மழை பெய்து கெடுத்தால் அதுவும் இல்லை. சீட்டு என்று சொன்னீர்கள், மொய் வாங்கினால் மேலே கொஞ்சம் கூட்டித்தான் திருப்பிச் செய்யணும். விருந்து வைத்து மொத்தமாக வந்த பணம் பழைய கடனுக்குப் போகும், அடுத்த வருஷமே செய்முறை ஆரம்பம். வாடகை கட்ட முடியாவிட்டால் நீங்கள் சின்ன வீட்டுக்கு மாறலாம். மொய் நோட்டிலிருந்து எங்கே மாறுவது?

தாம்பரம்வாசி:
சின்ன வீடா? ஒற்றை பெட்ரூமில்தான் நாலு பேர் இருக்கிறோம்.