அலமாரிக்கு மேல் கிடந்த உடுக்கை: நம்ம கலை என்றால் நமக்கே ஏன் இவ்வளவு இளக்காரம்?

செந்தூல்வாசி எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு இப்போது 78 வயது. கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். மாரியம்மன் திருவிழா வந்தால் உடுக்கை அடித்துத் தாலாட்டுப் பாடுவார், கூத்துக் கட்டினால் பெண் வேடம் அவருக்குத்தான். இதெல்லாம் அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும், அவர் வாயிலிருந்து வந்ததில்லை. தோட்டத்தை விட்டு 1991இல் கோலாலம்பூருக்கு வந்தோம், எனக்கு அப்போது ஒன்பது வயது. உடுக்கை ஒரு பழைய வேட்டியில் சுற்றி அலமாரிக்கு மேலேயே கிடந்தது. இரண்டு முறை வீடு மாறினோம், இரண்டு முறையும் "இது எதுக்குப்பா, தூக்கிப் போட்டுடலாமே" என்று நானே கேட்டிருக்கிறேன். பதில் சொல்லாமல் அதை மடியில் வைத்துக்கொண்டு லாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

போன மாதம் மகனுடைய இடைநிலைப்பள்ளியில் பண்பாட்டு நாள். மலாய் ஆசிரியை ஒருவர், தாத்தா பாட்டி யாருக்காவது பழைய பாட்டு ஆட்டம் தெரியுமா என்று வகுப்பில் கேட்க, இவன் விளையாட்டாகக் கையைத் தூக்கிவிட்டான். அந்த அம்மா விடவில்லை, வீட்டுக்கே வந்துவிட்டார். கிளந்தான்காரர். தன் பாட்டி மாக் யோங் என்ற பழைய மலாய் ஆட்ட நாடகம் ஆடியவர் என்றும் வீட்டில் யாரும் அதைப் பேச மாட்டார்கள் என்றும் சொன்னார். அப்பா முதலில் வெட்கப்பட்டார், உடுக்கைத் தோல் தளர்ந்துவிட்டது என்று சாக்குச் சொன்னார், அப்புறம் தொடையில் தாளம் போட்டே பத்து நிமிடம் பாடினார். அவரை உட்கார்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இதில் என் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். மகளின் பரத வகுப்புக்கு மாதம் 150 வெள்ளி (ரிங்கிட்) கட்டுகிறேன், அரங்கேற்றத்துக்குச் சீட்டு வேறு போட்டிருக்கிறோம். பையன் இப்போது பக்கத்துக் கோயில் உறுமி மேளக் குழுவில் சேரவேண்டும் என்கிறான். "அதெல்லாம் படிக்காத பசங்க வேலை" என்கிறார் மனைவி. அம்மாவுக்கும் அதே எண்ணம். உண்மையைச் சொன்னால் எனக்கும் முதலில் தோன்றியது அதுதான், ராத்திரி படுத்தால் உறுத்துகிறது. வெளியாள் ஒருவர் வந்து கேட்கிற வரைக்கும் நமக்கு ஏன் தெரியவில்லை? பையனைச் சேர்க்கலாமா, வேண்டாமா?

வாத்தியாரம்மா_பிரிக்பீல்ட்ஸ் பதில்:

தம்பி, உங்கள் மகளின் பரத வகுப்பிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் கதையே அங்கேதான் இருக்கிறது.

1930 வாக்கில் சென்னையில் அந்த ஆட்டத்துக்குச் சதிர் என்று பெயர். குடும்பப் பெண் அதை ஆடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு பக்கம் முத்துலட்சுமி ரெட்டி பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராடுகிறார், இன்னொரு பக்கம் வக்கீல் ஈ. கிருஷ்ண ஐயர் ஆட்டத்தையாவது காப்பாற்றுங்கள் என்று தானே வேடம் போட்டு ஆடிக்காட்டுகிறார். 1935இல் ருக்மிணி தேவி மேடை ஏறினார், அடுத்த வருடம் கலாக்ஷேத்திரா என்ற நடனப் பள்ளியைத் தொடங்கினார். தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947இல் வந்தபோது பரதநாட்டியம் பெரிய வீட்டுப் பிள்ளைகளின் கலையாகிவிட்டிருந்தது. அடவெல்லாம் பெரும்பாலும் பழைய அடவுதான், ஆடுகிற கால் யாருடையது என்பதுதான் மாறியது. பரம்பரையாக ஆடிய வீட்டுப் பெண்களில் பாலசரஸ்வதி போல நின்று பிடித்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

ஆக உங்கள் மனைவி உறுமியை வேண்டாம் என்று சொல்லும்போது அவருடைய காதில் விழுவது சத்தம் இல்லை, ஆள். கோபப்படாதீர்கள், நானும் அப்படித்தான் இருந்தேன். கொஞ்சம் பச்சையாகவே சொல்கிறேன், சாதியும் இதில் இருக்கிறது. தோலைத் தொடுகிறவர், சாவு வீட்டில் அடிக்கிறவர் என்ற பழைய கணக்கு நம் தாத்தாக்களோடு சேர்ந்து கப்பல் ஏறி வந்தது, பினாங்குத் துறைமுகத்தில் அதை யாரும் சோதனை போட்டு இறக்கி வைக்கவில்லை. 2025இல் மதுரையில் பறை கற்றுக்கொடுக்கும் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்ததல்லவா, என் வாட்ஸ்அப் குழுவில் பத்துப் பேர் பெருமையாகப் பகிர்ந்தார்கள். பத்துமலையில் மேளச் சத்தத்தைத் தடை செய்யவேண்டும் என்று வருடா வருடம் எழுதுவதும் அதே பத்துப் பேர்தான்.

அந்த ஆசிரியை பாட்டியின் கதையும் இதற்கு ரொம்பத் தூரமில்லை. கிளந்தானில் 1991இல் மாக் யோங்குக்குத் தடை போட்டார்கள். 2005இல் யுனெஸ்கோ அதை உலக மரபு என்று அறிவித்தபோதும் சொந்த மாநிலத்தில் தடை அப்படியே இருந்தது. 2019இல்தான் நிபந்தனைகளோடு விட்டார்கள். அங்கே மதம் காரணம், இங்கே வேறு. ஆனால் பாட்டி ஆடியதை வீட்டில் பேசாமல் இருப்பது மட்டும் ஒரே மாதிரி.

கெப்போங்_உறுமி பதில்:

நான் பதினாறு வருடமா உறுமி தேய்க்கிறவன், பகலில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன், எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவம்) வரைக்கும் படித்தவன்தான், அண்ணியிடம் சொல்லுங்கள் 😄

டீச்சர் சொன்னது சரி. ஆனால் மரியாதை பேசும்போது காசையும் பேசணும் லா. போன வருடம் ஒரு கோயில் திருவிழா, பெயர் வேண்டாம். எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர், ராத்திரி ஏழு மணிக்கு ஆரம்பித்து ரதம் திரும்பும் வரைக்கும் அடித்தோம். கையில் வந்தது 600 வெள்ளி, அதில் வேன் வாடகை 250. அதே திருவிழாவுக்குச் சென்னையிலிருந்து ஒரு பாட்டுக்காரரை விமானத்தில் கூட்டி வந்து ஹோட்டல் போட்டு வைத்திருந்தார்கள். அவர் நான்கு சினிமாப் பாட்டுப் பாடிவிட்டுப் போனார். எங்களுக்குச் சாப்பாடு முடிந்துவிட்டது, பன் வாங்கித் தின்றோம். இங்கேயே பிறந்த கலைஞன் என்றால் "நம்ம பையன்தானே, பார்த்துக்கலாம்". அந்த "பார்த்துக்கலாம்" இருக்கிறதே, அதை வைத்து ஒரு தோல்கூட மாற்ற முடியாது.

தோல் என்றதும் ஞாபகம் வருகிறது, இந்த ஊர் ஈரத்தில் அதோடு படும் பாடு யாருக்கும் தெரியாது. மழை பிடித்தால் உறுமி உறுமாது, முனகும். பழைய பேப்பரைக் கொளுத்திச் சூடு காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, மறுபடி காட்டி, வளைந்த குச்சி வழுக்காமல் பிடிக்கிற பதம் வரும்வரை விட மாட்டோம். அது வர எனக்கு இரண்டு வருடம் ஆனது. அந்தப் பக்கம் தேய்த்துக்கொண்டே இந்தப் பக்கம் அடிக்கிறது வேறு, ஒரு கை என்ன செய்கிறது என்று இன்னொரு கைக்குத் தெரியக் கூடாது.

எங்கள் பக்கத்துத் தப்பையும் மறைக்கவில்லை. சினிமா மெட்டில் அடிக்கிறோம், ஆமாம், பணம் தருகிறவர் அதைத்தான் கேட்கிறார். சில குழுவில் குடி இருக்கிறது, அடிதடிப் பசங்களும் இருக்கிறார்கள். அதனால் பையனைச் சேர்க்கும் முன் நீங்களே மூன்று நான்கு நாள் பயிற்சிக்குப் போய் ஓரமாக உட்காருங்கள். ஆசான் விரதம் இருக்கிறாரா, பிள்ளைகளிடம் எப்படிப் பேசுகிறார், பத்து மணிக்குள் வீட்டுக்கு அனுப்புகிறாரா, இதைப் பார்த்தால் போதும். முனியாண்டி பாட்டு, மதுரை வீரன் பாட்டு என்று பழசு தெரிந்த ஆசானாக இருந்தால் யோசிக்காமல் விடுங்கள். காதுக்குப் பஞ்சு வாங்கிக் கொடுங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நேராப்பேசு பதில்:

எல்லோரும் கண்ணைக் கசக்குகிறீர்கள், நான் கொஞ்சம் எதிர்ப் பக்கம் நிற்கிறேன்.

செந்தூல் அண்ணே, உங்கள் அப்பா பாடிய தாலாட்டு கேட்பதற்கென்று பாடினது கிடையாது. அம்மனை இறக்க, ஏற்ற, ஊரே ராத்திரி முழுக்க விழித்திருக்க அதற்கு ஒரு வேலை இருந்தது. அந்த வேலை இருந்த இடம் தோட்டம். தோட்டம் போனது, வேலையும் போனது. இன்று புத்ராஜெயா நிற்கும் இடம் பிராங் பெசார் தோட்டம், சுபாங் ஜெயா சீபீல்டு தோட்டம். என் தாத்தா மரம் வெட்டிய காட்டில் இப்போது பேரங்காடி கார் நிறுத்துமிடம் இருக்கிறது, அங்கே நின்று உடுக்கை அடித்தால் காவலாளி வருவார். நான் இருக்கும் அடுக்குமாடியில் ராத்திரி பத்துக்கு மேல் துணி துவைக்கும் இயந்திரம் ஓடினாலே நிர்வாகத்திலிருந்து கடிதம் வருகிறது.

மறக்க ஆசைப்பட்டதும் தப்பில்லை. எங்கள் பாட்டி விடியற்காலை நான்கரைக்குப் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் போட்டுவிட்டு வெட்டுக்குப் போனவர். அவர் பால் வெட்டும் கத்தியைக் கொண்டுவந்து வரவேற்பறையில் மாட்டுவாரா? மாட்ட மாட்டார். உங்கள் அப்பா அதை அலமாரிக்கு மேல் வைத்ததை இளக்காரம் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். அவருக்கு வேறு ஏதாவது காரணம் இருக்கலாம், கேட்டீர்களா?

ஜார்ஜ்டவுன்_மாலை பதில்:

நேராப்பேசு அண்ணே, பால் கத்தியை மாட்ட மாட்டார்கள் என்கிறீர்கள், பினாங்கில் மாட்டியிருக்கிறார்கள். கஃபே ஒன்றில், மங்குக் குவளைக்குப் பக்கத்தில், காப்பி 16 வெள்ளி. யார் கையில் இருந்தது என்று கேட்டால் அங்கே யாருக்கும் தெரியாது.

நான் லிட்டில் இந்தியாவில் அம்மாவோடு மாலை கட்டுகிறேன். ஜார்ஜ்டவுன் 2008இல் மலாக்காவோடு சேர்ந்து உலக மரபுப் பட்டியலில் ஏறியது, 2012இல் லிதுவேனியா ஓவியர் ஒருவர் ஆர்மீனியன் சாலைச் சுவரில் சைக்கிளில் போகும் இரண்டு பிள்ளைகளை வரைந்தார். நல்ல படம்தான், நானும் நின்று படம் எடுத்திருக்கிறேன். இன்றைக்கும் வரிசை நிற்கிறது. அங்கிருந்து பத்து நிமிட நடையில் அம்மா தைப்பூச வெள்ளி ரதத்துக்கு மாலை கட்டுவார், வாழைநாரை நனைத்து இரண்டு விரலில் பூவைத் திருப்பிப் போடுவதைக் கண்ணால் தொடர முடியாது. 1894இல் இருந்து ஓடுகிற ரதம் அது. நானே அம்மாவை ஒரு படம்கூட எடுத்ததில்லை என்று இந்த இழையைப் படிக்கும்போதுதான் உறைத்தது. தினம் பார்ப்பது கண்ணில் படாது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த காரணம்.

வேடிக்கை என்னவென்றால், வெளியிலிருந்து வந்ததைத் தலையில் வைத்து ஆடுவது நம் ஊருக்குப் பழைய பழக்கம். இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்துப் பார்த்துத்தான் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே பங்சாவான் என்ற மலாய் மேடை நாடகம் பிறந்தது. ஊர் ஊராகப் போய் ஓகோ என்று ஓடியது, சினிமா வந்ததும் கொட்டகை காலி.

செந்தூல்வாசி பதில்:

எல்லோருக்கும் நன்றி. நேராப்பேசு சொன்ன பிறகு அப்பாவிடம் கேட்டேன். ஏன் அலமாரிக்கு மேல் வைத்தீர்கள் என்றால், "கீழ வச்சா நீங்க எல்லாம் சின்னப் பசங்க, கால் படும்" என்றார். வேறு ஒன்றுமில்லையாம். முப்பது வருடமாக நான் அதை வேண்டாத சாமான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மனைவியோடு நேற்று பயிற்சிக்குப் போய் உட்கார்ந்தோம். ஆசான் பரவாயில்லை, ஒரு பையன் வீட்டுப்பாடம் முடிக்காமல் வந்தான் என்று திருப்பி அனுப்பிவிட்டார், அதைப் பார்த்ததும் இவள் முகம் கொஞ்சம் மாறியது. இன்னும் சரி என்று சொல்லவில்லை. பையன் அதற்குள் தாத்தாவிடம் தாலாட்டு கேட்கப் போய்விட்டான். அப்பா அவனிடம், தங்கச்சி டான்ஸ் டீச்சருக்கு மாதம் எவ்வளவு என்று விசாரித்திருக்கிறார். 150 என்றதும், "அப்ப எனக்கும் அதே, முதல் மாசம் வெத்தலை பாக்கோட முன்பணம்" என்று சொல்லிவிட்டார். சிரிக்கவில்லை, நிஜமாகவே கேட்கிறார்.

கெப்போங் தம்பி, உடுக்கைக்குத் தோல் எங்கே மாற்றலாம்?

கெப்போங்_உறுமி பதில்:

கடைக்குக் கொண்டு போகாதீர்கள் அண்ணே, பழைய கட்டையை மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே வருகிறேன். பழைய கயிற்றை அவிழ்க்காமல் அப்படியே வையுங்கள், அப்பா எப்படிக் கட்டியிருக்கிறார் என்று நான் பார்க்கணும். மாமாவிடம் முன்பணத்தைக் கொடுத்துவிடுங்கள்.