மறு: அனல்மென்ட்டுக்குத் தமிழ்ச்சொல் – 'செல்லாமணம்'

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஒரு மணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று தீர்ப்பதை ஆங்கிலத்தில் அனல்மென்ட் (annulment) என்பார்கள். அதற்கு 'செல்லாமணம்' என்ற சொல்லை முன்வைத்திருந்தேன். வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> இடைக்கால ஐரோப்பிய அரசிகளைப் பற்றி எழுதும்போது 'மணவிலக்கு' போதாதா? படித்தவுடன் புரிகிறதே.

தவறாகப் புரிகிறது, அதுதான் என் வருத்தம். மணவிலக்கு, மணமுறிவு, விவாகரத்து மூன்றுமே இருந்த மணம் பிறகு அறுந்ததைச் சொல்பவை. 12-ஆம் நூற்றாண்டில் வேரூன்றிய திருச்சபைச் சட்டப்படி, முறையாக நடந்து கணவனும் மனைவியும் கூடிவிட்ட கிறித்தவ மணத்தை இருவரில் ஒருவர் இறக்கும்வரை அறுக்க முடியாது. மறுமணம் வேண்டுமென்றால், முதல் மணம் தொடக்கத்திலிருந்தே மணமல்ல என்று நிறுவவேண்டும்.

தென்மேற்குப் பிரான்சிலிருந்த அக்கித்தேன் நாட்டுக்கு உரியவரான எலியனோரை எடுத்துக்கொள்ளுங்கள். 1137-இல் பிரான்சின் ஏழாம் லூயியை மணந்தார். இரண்டு பெண் குழந்தைகள், ஆண் வாரிசு இல்லை. 1152 மார்ச்சில் பிரான்சின் போஷான்சி ஊரில் கூடிய ஆயர்கள் (பிஷப்புகள்), இருவரும் நெருங்கிய இரத்த உறவு என்று சொல்லி மணம் செல்லாது எனத் தீர்த்தார்கள். இருவருக்கும் பொது மூதாதையான பிரான்சு அரசர் இரண்டாம் ராபர்ட்டுக்கு லூயி நான்காம் தலைமுறை, எலியனோர் ஐந்தாம் தலைமுறை. அன்று ஏழு தலைமுறைவரை தடை இருந்தது. 1215-இல்தான் அதை நான்காகக் குறைத்தார்கள். 15 ஆண்டு மணவாழ்வில் இந்த உறவு யாருக்கும் தெரியாமலில்லை. கணவன் என்ற உரிமையில்தான் லூயி அக்கித்தேனை ஆண்டார். அது போனதும் நாடு எலியனோரோடு போயிற்று. அடுத்த மே மாதமே அவர் ஆஞ்சூ ஹென்றியை மணந்தார். ஹென்றி அவருக்கு லூயியைவிட நெருங்கிய உறவு! இரண்டே ஆண்டில் ஹென்றி இங்கிலாந்தின் அரசராக, எலியனோர் அரசியானார். இவ்வளவையும் 'மணவிலக்கு பெற்றார்' என்று முடித்தால் வரலாறே காணாமல் போகிறது.

எனவே 'செல்லாமணம்'. செல்லாக்காசு, செல்லாத ஓட்டு என்று நாள்தோறும் புழங்கும் சொல்தான். தீர்ப்பைக் குறிக்க 'செல்லாமணத் தீர்ப்பு'. 'இல்லாநிலைத் திருமணம்' சட்டநூலுக்குப் பொருந்தும், கதைப்போக்கில் இடறும்.

> மணம் செல்லாது என்றால் பிள்ளைகள் முறைதவறிப் பிறந்தவர்கள் ஆகிவிட மாட்டார்களா?

நல்ல கேள்வி. பெற்றோர் நல்லெண்ணத்தோடு மணந்திருந்தால் பிள்ளைகளின் உரிமை கெடாது என்பது அன்றைய விதி. போஷான்சியிலும் இரு மகள்களும் முறையான பிள்ளைகள் என்றே அறிவித்தார்கள். ஆனால் அவர்கள் தந்தையிடம் இருந்துவிட்டார்கள். இதைக் கட்டுரையில் ஒரு வரியில் சொல்லலாம், கலைச்சொல்லில் திணிக்கவேண்டாம்.

> 'தள்ளிவைத்தல்' என்ற வழக்குச்சொல்லையே எல்லாவற்றுக்கும் வைக்கலாமே?

அந்தச் சொல் நமக்குக் கட்டாயம் வேண்டும், ஆனால் வேறொன்றுக்கு. 1193 ஆகஸ்டில் பிரான்சின் இரண்டாம் பிலிப், டென்மார்க்கின் இங்கெபோர்க்கை மணந்து மறுநாளே ஒதுக்கினார். அது தள்ளிவைப்பு. சில மாதங்களில் பிலிப்புக்கு வேண்டிய ஆயர்கள் பொய்யான வம்சாவளியைக் காட்டி வழங்கியது செல்லாமணத் தீர்ப்பு. 1195-இல் போப் மூன்றாம் செலஸ்தீன் அதைத் தள்ளுபடி செய்தார். பிலிப் அடங்காமல் இன்னொரு பெண்ணை மணக்க, 1200-இல் பிரான்சில் வழிபாடுகளுக்கே அடுத்த போப் மூன்றாம் இன்னசென்ட் தடை விதித்தார். மொழி தெரியாத நாட்டில் சிறைபோல அடைபட்டும் இங்கெபோர்க் தன் மணத்தை விட்டுக்கொடுக்கவில்லை. 1213-இல்தான் அரசியாக ஏற்கப்பட்டார். தள்ளிவைக்கப்பட்டாலும் தன் மணம் செல்லும் என்பதுதான் அந்தப் பெண்ணின் 20 ஆண்டுப் போராட்டமே. இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால் அவருக்கு அநியாயம்.

'இரத்த உறவு' பற்றியும் ஒன்று. மாமன் மகளை முறைப்பெண் என்று கொண்டாடும் நமக்கு, உறவு என்பதே தடையாவது எளிதில் பிடிபடாது. மணத்தைத் தடுக்கும் உறவை 'உறவுத்தடை' என்று தனியாகச் சொன்னால் நல்லது.

மீதமிருப்பது, மணம் அறுபடாமல் மேசையும் படுக்கையும் மட்டும் பிரியும், அதாவது கணவனும் மனைவியும் தனித்தனியே வாழும் ஏற்பாடு. 'பிரிந்துறைவு' என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன். அதில் மறுமணத்துக்கு இடமில்லை என்பது இந்தச் சொல்லில் தெரியவில்லை. பொருத்தமான சொல் தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்