நேராவே கேளு

கார்த்தி: சித்தி, எங்க காலேஜ்ல தற்கொலைத் தடுப்புக்கு அரியர் வச்சிருக்கிற பசங்க லிஸ்ட் எடுக்கச் சொல்றாங்க. அது போதுமா?

மலர் சித்தி: போதாதுடா. அரியர் தூண்டிவிடலாம், அவ்வளவுதான். "இனி எதுவும் மாறாது"ன்னு மனசு முடிவு கட்டிடுச்சான்னு பாரு. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1974-லயே இந்த நம்பிக்கையின்மைய மட்டும் அளக்க 20 வாக்கியத்துல ஒரு அளவுகோல் போட்டார்.

பிரபு மாமா: உளவியல் ஆய்வாளர் தாமஸ் ஜாய்னர் 2005-ல சொன்ன ரெண்டு நினைப்பையும் சேர்த்துக்கோ. "எனக்குன்னு யாரும் இல்ல", "நான் எல்லாருக்கும் பாரம்". ரெண்டாவது வீட்ல யார் காதுலயும் சரியா விழாது. "என்னால உங்களுக்கு எவ்ளோ செலவு"ன்னு பிள்ளை சொன்னா, பொறுப்பு வந்துடுச்சுன்னு பூரிச்சுப் போவோம்!

கார்த்தி: நல்லா படிக்கிறவங்க?

மலர் சித்தி: தானா வச்சுக்கிற இலக்கைவிட, "நான் தப்பே பண்ணக் கூடாதுன்னு எல்லாரும் எதிர்பார்க்கறாங்க"ங்கிற நினைப்புதான் ஆபத்து. முதல் ரேங்க் பிள்ளையும் இதுல மாட்டும், உன் லிஸ்ட்ல வராது.

பிரபு மாமா: தூக்கம் கெடறது, குடி, படக்குனு முடிவெடுக்கிற சுபாவம், இதுங்களையும் கவனி. முன்னாடி முயற்சி பண்ணியிருந்தா அது ரொம்பக் கனமான அடையாளம். ஆனா இதையெல்லாம் கூட்டி மார்க் போட்டு, "இவனுக்கு ஆபத்தில்ல"ன்னு யாரையும் விட்டுடாதே. தனி ஆள் விஷயத்துல அந்தக் கணக்கு மோசமா தோக்கும்.

கார்த்தி: தற்கொலை பத்திக் கேட்டா நாமே எண்ணத்தை விதைச்ச மாதிரி ஆகாதா?

மலர் சித்தி: ஆகாது, ஆய்வு பண்ணிப் பாத்தாச்சு. தனியா உக்கார வச்சு, "செத்துடலாம்னு தோணுதா?"ன்னு நேரா கேளு. "தப்பா எதுவும் யோசிக்கலல்ல?"ன்னு கேட்டா "இல்ல"ன்னுதான் சொல்லுவான். கேள்வியிலயே பதிலை வச்சுட்டியே!

மலர் சித்தி: "ஆமா"ன்னா, எப்படி, எப்போன்னு யோசிச்சிருக்கானா, ஏற்பாடு ஏதாவது பண்ணியிருக்கானான்னு கேளு. பண்ணியிருந்தா தனியா விடாதே. ஆபத்தான பொருளை எட்டாம எடுத்து வை, உடனே அவசர சிகிச்சைக்குக் கூட்டிட்டுப் போ. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு மட்டும் வாக்கு குடுத்துடாதே.

கார்த்தி: "செய்ய மாட்டேன்"னு எழுதி வாங்கறாங்களே மாமா?

பிரபு மாமா: அது காலேஜைக் காப்பாத்தற காகிதம். பாதுகாப்புத் திட்டம் போடு: மனசு சரியப்போகுதுன்னு காட்டற அறிகுறி, தானே செய்யக்கூடியது, மனசை மாத்தற ஆளும் இடமும், உதவி கேக்கக்கூடியவங்க, மருத்துவர் நம்பர், ஆபத்தானதை விலக்கறது. ஆறையும் அவன் வார்த்தையிலயே எழுதணும்.

மலர் சித்தி: ஆஸ்பத்திரியில இருந்து திரும்பின முதல் சில வாரம்தான் ஆபத்து ரொம்ப அதிகம். "சரியாயிடுச்சு"ன்னு எல்லாரும் கலைஞ்சு போறதும் அப்பதான். யார் எந்த நாள் போன் பண்ணணும்னு முன்னாடியே பிரிச்சு வச்சுக்கோங்க.