கலைச்சொல் வேண்டும்: மாஷிகூலிக்குத் தமிழில் என்ன?

கல்லடியிலிருந்து

எல்லோருக்கும் வணக்கம். தம்பியிடம் பிரான்ஸ் போயிருந்தபோது நோர்மண்டியில் ஷாத்தோ கயார் என்ற இடிந்த கோட்டைக்குக் கூட்டிப்போனான். செய்ன் ஆற்றைப் பார்த்தபடி குன்றுச்சியில் இருக்கிறது. இங்கிலாந்து மன்னன் முதலாம் றிச்சார்ட் 1196 முதல் 1198 வரை கட்டியது; 1204இல் பிரெஞ்சு மன்னன் இரண்டாம் பிலிப்பிடம் விழுந்தது. ஏறி முடிக்க மூச்சு வாங்கிவிட்டது. வாவிக்கரையில் வளர்ந்த கால்கள்தானே!

உச்சியில் நிற்கும் பெருங்கோபுரத்தின் வெளிச்சுவரில் முட்டுச்சுவர்கள் வரிசையாக இருக்கின்றன. அடியில் ஒடுங்கி, மேலே போகப்போக அகலும். அவற்றின் தலைகளை வளைவுகளால் இணைத்து, வளைவுக்கும் சுவருக்கும் நடுவே திறப்பு விட்டிருக்கிறார்கள். மதிலடிக்கு வந்துவிட்ட பகைவனின் தலையில் நேர்கீழாகக் கல்லைப் போடத்தான். மேற்பகுதி இடிந்துவிட்டது, இன்றைக்கு முட்டுகள்தான் மிச்சம். இல்லாத ஓட்டைக்குப் பெயர் தேடுகிறேன்.

இந்த அமைப்புக்குப் பிரெஞ்சில் மாஷிகூலி என்று பெயர். ‘மாசிக்கூலி என்று எழுதிவிடு அக்கா, சம்பளம் என்று நினைப்பார்கள்’ என்கிறான் தம்பி. கொத்தளம், அகழி, மதில்தலைப் பல்லான ஞாயில், அம்பெய்யும் துளையான ஏப்புழை எல்லாம் நம்மிடம் உண்டு, இதற்குத்தான் இல்லை. பிள்ளைகளுக்கான படத்தொகுப்பில் போட வேண்டும். ‘சொரிபுழை’ சரிவருமா?

ஆரையம்பதியிலிருந்து

ரீச்சர், முப்பது வருடம் விடைத்தாள் திருத்தியவன் சொல்கிறேன்: பாதிப்பேர் ‘சொறிபுழை’ என்றுதான் எழுதுவார்கள். பிறகு கோட்டைக்கே சிரங்கு வந்துவிடும். அதோடு சொரிதல் என்றால் பூவும் மழையும் அல்லவா ஞாபகம் வருகிறது?

சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மதுரை மதிலின் பொறிகளைப் பாருங்கள். ‘பரிவுறு வெந்நெயும் பாகடு குழிசியும்’ என்று போய், அடுத்த அடியிலேயே ‘கல்லிடு கூடை’ வருகிறது. புழையும் அதே பட்டியலில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் கல்லிடுபுழை.

கல்லடியிலிருந்து

அழகான சொல், சேர். ஆனால் கல் மட்டுமா போட்டார்கள்? சுடுநீர், சுட்ட மணல், நீறாத சுண்ணாம்பு எல்லாம் போயிருக்கிறது. ‘கல்லுமிழ் கவண்’ என்று அங்கேயே வருவதால் உமிழ்புழை என்று யோசித்தேன். ஆனால் உமிழ்ந்தால் முன்னால் போய் விழும். இங்கே நேரே கீழேதான் விழ வேண்டும்.

அக்கரைப்பற்றிலிருந்து

நீங்க ரெண்டு பேரும் ஓட்டையையே சுத்துறீங்க. அந்த ஓட்டை எதில இருக்கு? அதுக்குப் பேர் வைங்க முதல்ல.

எங்கட வட்டையில, அதான் வயல்வெளியில, யானைக்காவலுக்கு மரத்தில பரண் கட்டுவம். தளத்துக் கம்புகளுக்கு இடையில சந்து கிடக்கும். கீழ யானை வந்து நிண்டா அதுக்குள்ளால பார்க்கலாம். பார்த்தவுடன வெடிதான். உங்கட கோட்டைக்காரனும் மதிலுக்கு வெளியால பரண் கட்டி, தளத்தில சந்து விட்டிருக்கிறான். அவ்வளவுதான் விசயம்.

கல்லடியிலிருந்து

காக்கா, பெரிய உதவி செய்துவிட்டீர்கள்! கல்லில் வருவதற்கு முன்னால் இதை மரத்தில்தான் செய்தார்கள். முற்றுகை வரும்போது மதிலின் தலையில் வெளியே நீட்டிப் பலகைத்தளம் அடித்து, அதில் ஓட்டை விடுவது. மரம் தீப்பிடிக்கும், கவண்கல் பட்டால் நொறுங்கும். அதனால் கல்லுக்கு மாறினார்கள். ஆகவே மரத்தில் கட்டியது மதிற்பரண், கல்லில் கட்டியது கற்பரண். இரண்டும் உறவு என்பது பெயரிலேயே தெரிகிறது. மாஷிகூலி என்ற சொல்லில் அது தெரியாது.

ஆரையம்பதியிலிருந்து

தினைப்புனக் காவல்மேடைக்குச் சங்கச் சொல் ‘இதண்’. கல்லிதண் எனலாமே?

அக்கரைப்பற்றிலிருந்து

சேர், இதண்டா என்னெண்டு விளக்க இன்னொரு மடல் போடணும். பரண் எண்டா எங்கட வயலுக்குப் பொறுப்பான வட்டவிதானைக்கும் விளங்கும்.

கல்லடியிலிருந்து

கற்பரண் என்றே எழுதப்போகிறேன். ஓட்டைக்குப் பரண்கண், தேங்காய்க் கண்ணைத் தெரிந்த பிள்ளைக்கு இதுவும் தெரியும். கல்லிடுபுழையை விட மனமில்லை, சேர். அடைப்புக்குறிக்குள் போடுகிறேன்.

ஒரு பிள்ளை இப்போதே கேட்டுவிட்டாள்: ‘எங்கட மட்டக்களப்புக் கோட்டையில கற்பரண் எங்க ரீச்சர்?’ அது போர்த்துக்கேயர் 1628இல் கட்டியது. பத்து வருடத்தில் ஒல்லாந்தர் கைக்குப் போய்விட்டது. அது பீரங்கிக் காலம். உயர்ந்த மதிலில் கல்லை வைத்துக்கொண்டு காத்திருந்தால், மதிலோடு சேர்ந்து நாமும் விழ வேண்டியதுதான். அதனால் மதிலைத் தணித்துத் தடிப்பாக்கி, மூலைக்கு ஒன்றாக நான்கு கொத்தளம் வைத்தார்கள். மதிலடிக்கு வருபவனைக் கொத்தளத்திலிருந்து பக்கவாட்டில் சுடலாம். பரண்கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை.

இப்போது எனக்கு வேண்டியது ஒரு வரைபடம். ஏப்புழையில் அம்பு முன்னால் போவதும், பரண்கண்ணில் கல் கீழே போவதும் ஒரே மதிலில் தெரிய வேண்டும். வரையத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?