வாரம் 5 நாள், 2 ஷிஃப்ட்: கார் ஒர்க்ஷாப்பில் நடக்குமா?

சிங்காநல்லூர்_ஸ்பேனர்:

வணக்கம். கோவையில் மல்டி பிராண்ட் கார் ஒர்க்ஷாப் நடத்துகிறேன். வண்டியைத் தூக்கும் லிஃப்ட் 3, 6 மெக்கானிக், 1 எலக்ட்ரீஷியன், 2 ஹெல்பர். காலை 9 மணிக்குத் திறந்தால் மூடுவதற்கு இரவு 8 ஆகிவிடும். ஞாயிறு மட்டும் லீவு.

கியர்பாக்ஸ் வேலையில் கெட்டிக்காரப் பையன் ஒருத்தன் இருந்தான். போன மாதம் நின்றுவிட்டு ஒரு பம்ப்செட் கம்பெனிக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போய்விட்டான். சம்பளம் அங்கே கம்மிதான். ஏன்டா என்று கேட்டதற்கு, "நான் வீட்டுக்குப் போறப்ப பாப்பா தூங்கிடுதுங்ணா" என்றான். அதற்கு மேல் அவனை நிறுத்தி வைக்க எனக்கு வாய் வரவில்லை.

மீதி இருக்கிறவர்களையும் இழக்க விருப்பமில்லை. பாதிப் பேர் காலையில் சீக்கிரம் வந்து சீக்கிரம் போவது, பாதிப் பேர் தாமதமாக வருவது, ஆளுக்கு வாரம் 2 நாள் லீவு என்று மாற்றலாமா என யோசிக்கிறேன். இல்லையென்றால் நாளுக்கு 10 மணி நேரம் வைத்து 4 நாள். சம்பளத்தைக் குறைக்க மாட்டேன். பயமெல்லாம் ஒன்றுதான்: ஒருத்தர் பாதி கழற்றிப் போட்ட வண்டியை இன்னொருத்தர் மாட்டினால் என்ன ஆகும்? யாராவது இப்படி நடத்துகிறீர்களா?

பழைய_அம்பாசடர்:

தம்பி, எண்ணம் நல்லது. ஆனால் வண்டி நம் டைம்டேபிள் பார்த்து ரிப்பேர் ஆவதில்லை. தீபாவளிக்கு முந்தின 10 நாள், பொங்கலுக்கு ஊருக்குப் போகிற கூட்டம், ஆயுத பூஜை, அப்போதெல்லாம் யாருக்கும் லீவு கொடுக்க முடியாது. அப்புறம் இன்னொன்று. கஸ்டமர் ஷாப்பை நம்பி வருவதில்லை, ஆளை நம்பி வருகிறார். "அந்த முருகன் இருக்காரா?" என்றுதான் கேட்பார். அவருக்கு இன்று லீவு என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். இதற்கு வழி வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

மலைக்கோட்டை_கேரேஜ்:

திருச்சியில் என் ஷாப் இப்போது இப்படித்தான் ஓடுகிறது. காலை அணி 7.30 முதல் 4.30 வரை, மாலை அணி 10.30 முதல் 7.30 வரை, இடையில் ஒரு மணி நேரம் சாப்பாடு. ஆளுக்கு 8 மணி நேரம்தான் வேலை, ஷாப் மட்டும் 12 மணி நேரம் திறந்திருக்கும்.

உங்களிடம் 3 லிஃப்டுக்கு 6 மெக்கானிக். எல்லாரும் 9 மணிக்கே வந்தால் 3 பேர் வண்டிக்கு அடியில் இருப்பார்கள், மீதிப் பேரில் பாதி நேரம் யாராவது லிஃப்ட் காலியாகட்டும் என்று நிற்பார்கள். அந்த நிற்கிற நேரத்துக்கும் சேர்த்துத்தான் அவர்களை 8 மணி வரை பிடித்து வைக்கிறோம். ஒரு வாரம் ஜாப் கார்டில் (வண்டிக்கான வேலைச் சீட்டு) ஒவ்வொரு வேலைக்கும் ஆரம்பித்த நேரம், முடித்த நேரம் எழுதச் சொல்லுங்கள். உண்மையில் கை வேலை செய்த நேரம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரிந்துவிடும். நான் அதைப் பார்த்த பிறகுதான் துணிந்தேன்.

காலை அணியால் வந்த லாபம் வேறு. "முதல் ஸ்டார்ட்ல கடகடன்னு சத்தம் வருது, அப்புறம் சரியாயிடுது" என்று கஸ்டமர் சொல்வார் இல்லையா? 10 மணிக்கு ஓட்டிக்கொண்டு வந்து காட்டும்போது இன்ஜின் சூடாகியிருக்கும், சத்தம் இருக்காது. இப்போது முந்தின நாள் மாலையே வண்டியை விடச் சொல்கிறோம். 7.30க்கு வருகிறவர் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஹெல்பரைச் சாவி திருப்பச் சொல்லி, டைமிங் செயின் பக்கம் காதைக் கொடுப்பார். செயின் பக்கமா, டேப்பட்டா (வால்வை இயக்கும் பாகம்) என்பது அந்த முதல் சில விநாடிகளில் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். கூலன்ட் மாற்றவும் இன்ஜின் ஆறட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் ஸ்பேர் கடை 9.30க்கு முன்னால் திறக்காது. அதனால் மாலை அணியின் கடைசி வேலை மறுநாளுக்கான ஸ்பேரை வாங்கி, வண்டி நம்பர் எழுதிய டப்பாவில் போட்டு வைப்பது. இது ஒருநாள் தவறினாலும் காலை அணி சும்மா உட்கார்ந்திருக்கும்.

நீங்கள் பயப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக், ஸ்டீயரிங் இந்த நான்கிலும் கழற்றினவர்தான் மாட்ட வேண்டும். கை மாறவே கூடாது. அவருக்கு மறுநாள் லீவு என்றால் அன்று பெரிய வேலையை அவரிடம் கொடுக்காதீர்கள். ஆயில் சர்வீஸ், ஏசி, அலைன்மென்ட், வாஷிங் எல்லாம் தாராளமாகக் கை மாறலாம். உடம்பு சரியில்லாமல் போய் மாற்றியே ஆக வேண்டும் என்றால்? அதற்கும் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். டார்க் ரெஞ்ச் (சரியான அளவு இறுக்கத்தில் முறுக்கும் கருவி) வைத்து முறுக்கிய ஒவ்வொரு போல்ட் தலையிலும் மஞ்சள் பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு. கோடு இல்லாத போல்ட் கையால் மாட்டியது மட்டுமே. ஸ்பேனர் போட்டது போலத் தெரிந்தாலும் நம்பக் கூடாது. இந்தக் கோடு இல்லாமல் ஒரு வண்டியும் என் கேட்டைத் தாண்டாது.

10 மணி நேரம் வைத்து 4 நாள் என்பதை விட்டுவிடுங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இன்படி நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. அதற்கு மேல் போனால் ஓவர்டைம், அதற்கு இரட்டைச் சம்பளம். வார மொத்தம் 40 தானே என்று சொல்ல முடியாது, நாள் கணக்கும் உண்டு. பெரிய ஷாப்பாக இருந்தால் தொழிற்சாலைகளுக்கான சட்டமே வந்துவிடும், உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சட்டத்தை விடுங்கள், கியர்பாக்ஸைத் தோளில் தாங்குகிற மனிதனுக்கு 9-வது மணி நேரம் என்றால் என்ன என்று நமக்குத் தெரியாதா?

லீவை உடனே 2 நாள் ஆக்காதீர்கள். முதலில் நேரத்தை மட்டும் மாற்றுங்கள். அது பழகினதும் ஒரு வாரம் 5 நாள், அடுத்த வாரம் 6 நாள். நாங்கள் இப்போது அந்த இடத்தில்தான் இருக்கிறோம். பெரியவர் சொன்ன பண்டிகை நாட்களில் எல்லாரும் வருவார்கள், ஓவர்டைம் உண்டு. ஆளைத் தேடி வருகிற கஸ்டமருக்கு அவர் இருக்கிற நாளிலேயே அப்பாயின்ட்மென்ட் போட்டுவிடுகிறோம். போனில் முதலிலேயே சொல்லிவிட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

கிளட்ச்_பிளேட்:

நான் முதலாளி இல்லை, சென்னையில் மெக்கானிக். எங்கள் பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்கிறேன். "வாரம் 4 நாள்" என்றாலே எங்களுக்குச் சந்தேகம்தான் வரும். 2023 ஏப்ரலில் ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழி விடும் மசோதா சட்டசபையில் நிறைவேறியபோதும் இதைத்தான் சொன்னார்கள். எதிர்ப்பு கிளம்பி, மே 1 அன்று முதல்வரே வாபஸ் என்று அறிவித்தார். அதனால் அண்ணா, பையன்களை உட்கார வைத்து நேரத்தையும் சம்பளத்தையும் தெளிவாகச் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.

லீவு எந்த நாள் என்று மாத ஆரம்பத்திலேயே போர்டில் எழுதிவிட வேண்டும். முந்தின நாள் இரவு 9 மணிக்கு "நாளைக்கு நீ வர வேணாம்" என்றால் அது லீவே இல்லை. லீவு நாளில் "அந்த ஸ்விஃப்ட்டுக்கு என்ன ஆயில் ஊத்தினே?" என்று போன் வரக் கூடாது. ஜாப் கார்டில் எழுதியிருந்தால் போனே தேவையில்லை.

சிங்காநல்லூர்_ஸ்பேனர்:

எல்லாருக்கும் நன்றி. நாளைக்கே ஜாப் கார்டில் நேரம் எழுதச் சொல்லப் போகிறேன். மஞ்சள் மார்க்கரும் வாங்கிவிடுகிறேன். லீவு போர்டும் வைத்துவிடுகிறேன். ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. எலக்ட்ரீஷியன் ஒரே ஆள். அவரை எந்த அணியில் போடுவது?

மலைக்கோட்டை_கேரேஜ்:

இரண்டிலும் வேண்டாம், 9 முதல் 6. ஸ்கேனர் வைத்து வண்டி காட்டும் ஃபால்ட் கோட் (கோளாறு எண்) படிக்கவும் பேட்டரி டெஸ்ட் எடுக்கவும் ஒவ்வொரு அணியிலும் ஒருத்தருக்கு அவரையே சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள். வயரிங் வேலை மட்டும் அவருக்குக் காத்திருக்கட்டும். சொல்லிக் கொடுக்கிற நேரத்தையும் அவருடைய 8 மணி நேரத்துக்குள்ளேயே வையுங்கள்.