ஹூஸ்டன் 101.1: ராக் நிலையத்தை ரெகேட்டோனுக்கு மாற்றியது சரியா?

கிட்டார்மணி:
அமெரிக்க வானொலி பற்றிப் பேச்சு வந்தாலே எனக்கு மனசு ஆறாத ஒரு விஷயம் இது. ஹூஸ்டனில் 101.1 எஃப்.எம்.மில் கே.எல்.ஓ.எல். என்று ஒரு நிலையம் இருந்தது. 1970இலிருந்து ராக் இசைதான். 2004 நவம்பர் 12 அன்று, அதை வைத்திருந்த கிளியர் சேனல் நிறுவனம் ராக்கை நிறுத்திவிட்டு, 'மெகா 101' என்ற பெயரில் ஸ்பானிஷ் ஹிப் ஹாப்பும், ரெகேயும் ராப்பும் கலந்த ஸ்பானிஷ் நடன இசையான ரெகேட்டோனும் போட ஆரம்பித்தது. 34 வருஷமாக ஒரு ஊரே கேட்டு வளர்ந்த நிலையம். இதை அநியாயம் என்றுதான் சொல்வேன்.

தாளப்பித்தன்:
மணி சார், ஊர் என்று நீங்கள் சொல்வதில் யாரெல்லாம் அடக்கம்? 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஹூஸ்டன்வாசிகளில் சுமார் 37 சதவீதம் பேர் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு வீட்டில் ஸ்பானிஷ், பள்ளியில் ஆங்கிலம். அம்மா கேட்கும் நிலையத்தில் ரான்செரா, அக்கார்டியன் வாசிக்கும் நோர்தேன்யோ மாதிரி பழைய மெக்சிகோ இசை. ஆங்கில நிலையத்தில் அவர்கள் மொழியே கிடையாது. மெகாவில்தான் அறிவிப்பாளர்கள் இரண்டையும் கலந்து, அந்தப் பிள்ளைகள் பேசுகிற மாதிரியே பேசினார்கள். இதுவும் அந்த ஊரின் குரல்தானே?

கிட்டார்மணி:
குரல் கொடுக்கவா நிறுவனம் வந்தது? 'ஹர்பன்' என்று ஒரு பெயர் வைத்தார்கள். ஹிஸ்பானிக் (ஸ்பானிஷ் வழி வந்தவர்), அர்பன் (நகர்ப்புறம்) இரண்டையும் ஒட்டிய சொல். விளம்பரக்காரர்களுக்காகச் செய்த சொல் அது. அதோடு ஹூஸ்டன் லத்தீன் மக்களில் பெரும்பாலோர் மெக்சிகோ வழி வந்தவர்கள். ரெகேட்டோனோ கரீபியன் தீவான புவெர்ட்டோ ரிக்கோவில் வளர்ந்தது. ஸ்பானிஷ் பேசுபவர்கள் எல்லோரும் ஒன்று என்று நினைப்பதுதான் எனக்குக் கோபம்.

ஈரக்காற்று:
அந்தச் சமயம் நான் ஹூஸ்டனில் இருந்தேன், அதனால் சொல்கிறேன். எங்கள் குடியிருப்பில் பக்கத்து வீட்டுப் பையன் ஞாயிற்றுக்கிழமை கார் கழுவும்போது நான்கு கதவையும் திறந்துவைத்து மெகாவை அலறவிடுவான். மெக்சிகோவின் மொந்தெர்ரே நகரில் பிறந்த அவன் அம்மா வெளியே வந்து சத்தத்தைக் குறைப்பார். அவர் உள்ளே போனதும் அவன் மறுபடி கூட்டுவான். அவருக்குப் பிடித்த அக்கார்டியன் அதில் இல்லை. ஆக, மணி சொல்வது அம்மாவுக்குப் பொருந்தும். பித்தன் சொல்வது பையனுக்கு.

தாளப்பித்தன்:
அந்தப் பையனுக்காகத்தான் நான் பேசுகிறேன். இந்த இசை வானொலிக்கு வந்த வழியைப் பாருங்கள். ஜமைக்காவின் டான்ஸ்ஹால் தாளம், பனாமாவில் ஸ்பானிஷில் பாடிய ரெகே, நியூயார்க் ஹிப் ஹாப் எல்லாம் சேர்ந்து புவெர்ட்டோ ரிக்கோ தலைநகர் சான் ஹுவானின் ஏழைக் குடியிருப்புகளில் உருவானது. கேசட்டுகள் கைமாறிக் கைமாறித்தான் பரவின. 1995இல் அங்கே போலீஸ் கடைகளில் புகுந்து கேசட்டுகளைப் பறிமுதல் செய்தது. அப்படியொரு சான் ஹுவான் குடியிருப்பிலிருந்து வந்த பாடகர் டாடி யாங்கியின் 'பாரியோ ஃபினோ' ஆல்பம் 2004 ஜூலையில் வெளியானது. அதிலிருந்த 'கசோலினா' பாட்டு எங்கும் ஒலித்த நேரத்தில்தான் ஹூஸ்டன் மாறியது. 2005இல் லாஸ் ஏஞ்சலஸில் 96.3 நிலையமும் ரெகேட்டோனுக்கு மாறியது. ஒரு காலத்தில் போலீஸ் தேடிய பாட்டு பெரிய நகர அலைவரிசையில் வந்தது சின்ன விஷயமா?

அப்புறம் அந்தத் தாளத்தை ஒருமுறை கைதட்டிப் பாருங்கள்: தகிட தகிட தக. மூன்று, மூன்று, இரண்டு. அடியில் கிக் டிரம் ஒரே சீராக நாலு அடி. மேலே ஸ்னேர் இந்த எட்டைப் பிரித்துப் போடும். நம் காதுக்குப் புதிதே இல்லை.

கிட்டார்மணி:
தட்டிப் பார்த்தேன், சரிதான், நன்றாகவே இருக்கிறது. இசை மேல் எனக்குக் குறை கிடையாது. ஆனால் 'கசோலினா' அலை தணிந்ததும் நாடு முழுக்க இப்படி மாறிய பல நிலையங்கள் ஸ்பானிஷ் பாப்புக்கோ வேறு எதற்கோ தாவிவிட்டன. ராக் ரசிகனை எப்படிக் கைவிட்டார்களோ அப்படியே அந்தப் பையனையும் கைவிட்டார்கள். என் சண்டை அவனோடு இல்லை.

தாளப்பித்தன்:
இதை ஏற்கிறேன். ஆனால் நிலையங்கள் தாவினாலும் கேட்பவர்கள் போகவில்லை. 2017இல் ரெகேட்டோன் தாளத்தில் வந்த ஸ்பானிஷ் பாட்டு 'டெஸ்பசீத்தோ', அமெரிக்கப் பாடல் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100இல் 16 வாரம் முதலிடத்தில் இருந்தது. அதைக் கேட்டவர்களில் பாதிப்பேராவது 2004இல் கார் கழுவிய வயதில் இருந்தவர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஈரக்காற்று:
அந்தப் பையன் இப்போதும் அந்த ஊரில்தான். போன வருஷம் போனபோது காரில் 'கசோலினா'. பின் இருக்கையில் அவன் மகள், 'அப்பா, சத்தத்தைக் குறை' என்றாள்.